அண்ணாந்து பாருங்கள்!

பழைய மோட்டார் வண்டியைப் பார்க்க வருகிறவர்களில் மூன்று வகையினர் உண்டு. முன்மூடியைத் தூக்கி யந்திரத்துக்குள் தலையை விடுகிறவர்கள் ஒரு வகை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, வர்ணத்தில் தங்கள் முகம் தெரிகிறதா என்று சோதிக்கிறவர்கள் இரண்டாவது வகை. கதவைத் திறந்து ஆசனத்தில் அமர்ந்து ஹாரனை அமுக்கிப் பார்க்கிறவர்கள் மூன்றாவது வகை. இவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். மற்றவர்கள் தாங்கள் சிறுவர்களாயிருந்ததை மறவாதவர்கள். இந்த மூன்று வகையினரில் ஒருவராவது அண்ணாந்து வண்டியின் உட்கூரையைப் பார்த்ததாக நாம் கண்டதில்லை. துணி கிழிந்து தொங்கி, யாருடைய கொண்டையாவது அதில் சிக்கிக்கொண்டால்தான் மேலே அப்படி ஒன்று இருப்பதே மனிதர்களுக்கு ஞாபகம் வருகிறது.

இந்த வாரம் அந்த உட்கூரையைப் பற்றித்தான் எழுத உத்தேசம். பட்டறைக்காரர்கள் அதை 'ரூப் லைனிங்' என்பார்கள். நாம் கூரைத்துணி என்று வைத்துக்கொள்வோம்.

ஆதி காலத்து மூடிய மோட்டார் வண்டிகளின் கூரை, வீட்டுக் கூரையைப் போலவே மரச் சட்டங்களால் ஆனது. நடுவில் துணியும் தாரும் கலந்த மூடாக்கு ஒன்றைப் போட்டு ஆணி அடித்துவிடுவார்கள். முழுக் கூரையையும் ஒரே தகட்டில் வளைத்து எடுக்கும்படியான பெரிய அழுத்து யந்திரமும், அவ்வளவு அகலமான எஃகுத் தகடும் அப்போது சுலபத்தில் கிடைக்கவில்லை. 1935-ம் வருஷத்து வண்டிகளில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 'டரட் டாப்' என்ற பெயரில் ஒரே தகட்டாலான எஃகுக் கூரையைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களும் விரைவிலேயே அந்த வழிக்கு வந்தார்கள். மழை ஒழுகும் தொல்லை குறைந்தது. ஆனால் புதுத் தொல்லைகள் இரண்டு பிறந்தன. தகரக் கொட்டகையில் நாடகம் பார்த்தவர்களுக்கு அவற்றை விவரிக்க வேண்டியதில்லை. ஒன்று வெயில்; மற்றொன்று சத்தம். தகடு சூடேறினால் கீழே இருப்பவர் அப்பளமாய்ப் பொரிந்து போவார்; வண்டி ஓடினால் தகடு மத்தளமாய் அதிரும். ஆகவே, அதுவரையில் அழகுக்காக இருந்த கூரைத்துணி, அதன் பிறகு அவசியமான வஸ்துவாகிவிட்டது.

அந்தத் துணி மேலே எப்படி நிற்கிறது என்பது வேடிக்கையான விஷயம். பசை போட்டுக் கூரையில் ஒட்டியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பழைய வண்டிகளில் அப்படியில்லை. கூரைக்கும் துணிக்கும் நடுவே சில அங்குல இடைவெளி உண்டு. துணியானது குறுக்குவாட்டில் பல துண்டங்களாகத் தைக்கப்பட்டது. இரண்டு துண்டங்கள் சேரும் ஒவ்வொரு தையலின் முதுகிலும், பாவாடையில் நாடா கோப்பதற்கு வைப்பது போல ஒரு நீண்ட உறை இருக்கும். அந்த உறைக்குள் வில்லைப்போல் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று ஓடும். கம்பியின் இரண்டு முனைகளும் கதவுகளுக்கு மேலேயுள்ள பக்கச் சட்டத்துத் துவாரங்களில் செருகி நிற்கும். வண்டிக்குத் தக்கபடி இப்படி மூன்று முதல் ஐந்தாறு கம்பிகள் இருக்கலாம். பல்லக்கின் மூங்கில் வளைவு மேலே துணி போர்த்தியிருக்குமே, அதையே தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்: வளைவு மேலே, துணி கீழே. துணியின் நான்கு ஓரங்களையும் இழுத்து, முன்னும் பின்னும் கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பிலும், பக்கங்களில் கதவு வாயிலின் விளிம்பிலும் பசையிட்டு மடித்துவிடுவார்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரே துணியின் ஓரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் பசைக்கு வேலை ஓரங்களில் மாத்திரமே. பாரத்தைச் சுமப்பவை கம்பிகள். அதனால்தான் அறுபது வருஷத்து வண்டியிலும் துணி கிழியலாமே தவிர, மொத்தமாய் விழுவதில்லை. பிற்காலத்தில் வந்த ஏற்பாடு வேறு. அட்டை அல்லது நார்ப் பலகையை அச்சில் வார்த்து, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிய துணியைப் பசையால் ஒட்டுகிறார்கள். தொழிற்சாலைக்கு இது சிக்கனம். சில நிமிஷத்தில் மாட்டிவிடலாம். ஆனால் அந்த ஸ்பாஞ்சு உஷ்ணத்தாலும் ஈரக் காற்றாலும் உள்ளுக்குள்ளேயே உளுத்து, பத்துப் பதினைந்து வருஷங்களில் பொடிப் பொடியாகிவிடும். பிறகு துணி, ஆடிக் காற்றில் அகப்பட்ட பந்தல் போலத் தலைமேல் தொங்கும். அதைக் குண்டூசி குத்தி நிறுத்துகிறவர்களைக் கண்டிருக்கிறோம். புதுப் பசை பூசி அழுத்துகிறவர்களையும் கண்டிருக்கிறோம். இரண்டும் வீண். பசை பிடிப்பது உளுத்த பொடியை. பொடியோ பலகையைப் பிடிப்பதாயில்லை. பலகையைக் கழற்றி, பழைய ஸ்பாஞ்சை ஒரு துகள் விடாமல் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டுவது ஒன்றே வழி. சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வது உத்தமம்.

இனி நம் நண்பர் ஒருவரின் சங்கதிக்கு வருவோம். அவர் வீட்டில் 1968-ம் வருஷத்து அம்பாஸிடர் வண்டி ஒன்று இருக்கிறது. 1942-ல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, குஜராத்தில் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கி, பிறகு வங்காளத்தில் உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வார்ப்பை வாங்கி, 1950-களின் கடைசியில் அம்பாஸிடர் என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தது. மந்திரிகளும் கலெக்டர்களும் வாடகை வண்டிக்காரர்களும் ஒரே மாதிரி வண்டியில் போன காலம் ஒன்று இந்தத் தேசத்தில் இருந்தது என்றால், அதற்கு இந்தக் கம்பெனியே பொறுப்பு. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாஸிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் தேசத்து பேஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். பெயர் போனாலும் வண்டிகள் போய்விடவில்லை.

நண்பரின் வண்டி அவருடைய தகப்பனார் வாங்கியது. தகப்பனார் சுருட்டுப் பிரியர். ஓட்டுகிறவர் தலைக்கு நேர் மேலே, ஒரு காலத்தில் வெளுப்பாயிருந்த ரெக்ஸினில், பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வட்டம் படிந்திருந்தது. தகப்பனார் காலமாகி வெகு வருஷமாகிறது. வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றபடி தையல் நூல் மக்கி இரண்டு இடங்களில் பிரிந்து, பின் ஆசனத்தின் மேல் துணி ஒரு முழம் தொங்கியது. மழைக் காலத்தில் உள்ளே பூஞ்சைக்காளான் வாசனையும் வந்தது.

நண்பர் முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனார். அங்கே குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, யோசனையும் கொடுத்தார்கள். "கம்பியெல்லாம் எதற்கு ஸார்? பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பாஞ்சுத் துணி ஒட்டிவிடலாம். ஒரே நாள் வேலை. வேண்டுமானால் ராத்திரியில் நட்சத்திரம் போல மினுக்கும்படி சின்ன விளக்குகளும் வைக்கலாம். கூரையை வெட்டிக் கண்ணாடி ஜன்னலும் பொருத்தித் தருவோம்!" என்றார்கள். ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளைப் பழமைச் சின்னங்களாகப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021-ல் விதிகள் செய்திருக்கிறார்கள். அப்படிப் பதிவாகும் வண்டிகளின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இடம்பெறும். வண்டி அதன் அசல் ரூபத்தில் இருக்கவேண்டும். கூடு, அடிச்சட்டம், யந்திரம் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கூரையை வெட்டி ஜன்னல் வைத்த வண்டி அந்த நிபந்தனைக்கு என்ன பதில் சொல்லும் என்று கடைக்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கம்பிகளின் விஷயம் அதைவிட முக்கியம். துணி எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தந்த வண்டியின் வளைவுக்கென்று செய்த கம்பிகள் ஒரு முறை காயலான் கடைக்குப் போய்விட்டால் அவற்றைத் தேடிப் பிடிப்பது பகீரதப் பிரயத்தனம்.

நண்பருடைய கவலையோ வேறு. "புதுத் துணி போட்டால் அப்பாவின் அடையாளம் போய்விடுமே!" என்று நம்மிடம் வந்து புலம்பினார். இது பரிகசிக்கத் தக்கதல்ல. பழைய பொருள்களைக் காப்பாற்றுகிறவர்களிடையே இதுவே பெரிய விவாதம். ஒரு பொருள் அசலாக இருப்பது ஒரே தடவைதான். கறையும் கிழிசலும்கூட அதன் சரித்திரம். எதையும் மாற்றாதே என்பது ஒரு கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கு என்பது எதிர்க் கட்சி. நமது அபிப்பிராயத்தைக் கேட்டால், கண்காட்சிச் சாலையில் நிற்கும் வண்டிக்கு முதல் கட்சி பொருந்தும்; குடும்பத்தோடு போய்வரும் வண்டிக்கு அது பொருந்தாது. மேலும், அந்தத் துணிக்கு மேலே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கூரைத் தகட்டின் உள்பக்கம் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தால், துணியைக் காப்பாற்றுகிறேன் என்று கூரையையே இழக்க நேரும். பூஞ்சை வாசனை வந்தால் ஈரம் எங்கேயோ தங்குகிறது என்று அர்த்தம்.

ஆகவே நண்பரை ஒரு வயோதிக மேஸ்திரியிடம் அழைத்துச் சென்றோம். அவருடைய பட்டறையில் காப்பி இல்லை. ஒரு வேப்பமரம் இருந்தது. மேஸ்திரி துணியைத் தொடவில்லை. பையன் ஒருவனைக் கூரைமேல் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, டார்ச்சு விளக்குடன் உள்ளே படுத்துக்கொண்டார். கறை இருக்கும் இடத்துக்கு மேலேதான் ஒழுக்கு இருக்கும் என்று எண்ணுவது பிசகு. தண்ணீர் தகட்டின் வளைவோடு வெகுதூரம் ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். நண்பரின் வண்டியில் பின் ஆசனத்துக்கு மேல் கறை; ஒழுக்கோ முன் கண்ணாடியின் மூலையில், கல்லாய்க் காய்ந்துபோன ரப்பரில்! அதோடு, கூரை ஓரத்து நீர்த்தாரையின் இணைப்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பூச்சு விண்டிருந்தது.

பிறகு பிரிக்கும் வேலை தொடங்கியது. பாட்டரியின் தொடர்பை நீக்கினார்கள். கூரை விளக்கின் கம்பி துணிக்குப் பின்னால் ஓடுகிறதல்லவா? கண்ணாடி, வெயில் மறைப்புகள், விளக்கு எல்லாம் கழன்றன. முன் பின் கண்ணாடிகளையும் எடுத்தாயிற்று. இதில் விசேஷம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். ஆனால் கம்பிகளைக் கழற்றும்போது மேஸ்திரி காட்டிய சிரத்தை, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியின் சிரத்தையை ஒத்திருந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் வளைவு வேறு. முன்னிருந்து பின்னாக எண் போட்டுச் சீட்டு ஒட்டினார். எது இடது முனை, எது வலது முனை, சட்டத்தில் எந்தத் துவாரத்தில் இருந்தது என்றெல்லாம் குறித்துக்கொண்டார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கச் சில வண்டிகளில் ஒரே முனைக்கு இரண்டு மூன்று துவாரங்கள் இருப்பதுண்டு. இடம் மாறினால் துணி ஒரு பக்கம் மேடாயும் ஒரு பக்கம் பள்ளமாயும் தெரியும்.

"பழைய துணியைக் கிழிக்காமல் எடுக்கவேண்டும் ஸார்; இதுதான் நமக்கு ஜாதகம்" என்றார் மேஸ்திரி.

அதைக் கேட்டு நண்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துணி இறங்கியதும் கூரையின் உள்பக்கம் வெளிப்பட்டது. மூன்று இடங்களில் துரு சொறிபோல் படர்ந்திருந்தது. நல்ல வேளையாக ஓட்டை விழவில்லை. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் துருவை நீக்கி, துருவைத் தடுக்கும் பூச்சுப் பூசினார்கள். கம்பிகளுக்கும் அதே சிகிச்சை. கம்பியில் துரு இருந்தால் ஈரக் காற்றில் அது உறையின் வழியே ஊறி, புதுத் துணியில் தையலுக்குத் தையல் பழுப்புக் கோடு போட்டுவிடும். நீர்த்தாரையின் விரிசலை அடைத்து, தகட்டின் உள்பக்கத்தில் கம்பளி ஃபெல்டை ஒட்டினார்கள். வெயிலுக்கும் சத்தத்துக்கும் உண்மையில் தடை போடுவது இதுதான். கீழே தெரிகிற துணி இதன் மானத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவே.

இனித் தையல். பழைய துணியின் தையல்களைப் பிரித்து, துண்டு துண்டாக்கி, புது ரெக்ஸினின்மேல் பரப்பி வரைகிறார்கள். இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு. பழைய துணியின் வெளி ஓரத்தை நம்பக் கூடாது. வருஷக்கணக்கில் இழுபட்டும் சுருங்கியும் அது உருமாறியிருக்கும். தையல் கோட்டை மட்டும் நம்பவேண்டும். வெளி ஓரங்களில் மூன்று அங்குலம் தாராளமாக விட்டு வெட்டவேண்டும். மிச்சத்தை அப்புறம் கத்தரித்துக்கொள்ளலாம், போதாததை வளர்க்க முடியாது. கம்பி ஓடும் உறைகளை உறுதியான பருத்தித் துணியில் தைக்கிறார்கள். துணி கதவுப் பக்கமாக வளைந்து இறங்கும் இடத்தில் உறை நீளமாயிருந்தால், கம்பி முனையிலிருந்து விசிறி மடிப்புப் போலச் சுருக்கங்கள் கிளம்பும். அப்போது உறையை அரை அங்குலம், அரை அங்குலமாகக் கத்தரித்துக்கொண்டே போனால் சுருக்கம் மாயமாய் மறையும். ஒரேயடியாக வெட்டினால் துணி கம்பியை விட்டு விலகி விடும். இந்த அரை அங்குலக் கணக்கை எந்தப் புத்தகமும் கைக்குக் கற்றுத்தராது.

மாட்டுவதற்கு மேஸ்திரி ஒரு நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்தார். ரெக்ஸினை வேப்பமரத்துக்கு அப்பால் வெயிலில் விரித்துப் பதமாக்கினார். குளிர்ந்த நாளில் இழுத்துக் கட்டிய ரெக்ஸின், கோடையில் தளர்ந்து தொப்பை விழும். சூட்டில் இழுத்துக் கட்டியதோ குளிரில் இன்னும் விறைக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறதென்று தெரிந்து சந்தோஷப்பட்டோம்.

கூரையின் நடுவிலும் துணியின் நடுவிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கிக் கம்பிகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் துவாரத்தில் ஏற்றினார். முதலில் முன்னும் பின்னும் இழுத்துக் கிளிப்புகளால் பிடித்தார். அப்புறம் பக்கங்கள்: தையல் இருக்கும் இடத்தில்தான் இழுப்பது, இரண்டு தையலுக்கு நடுவில் இழுத்தால் தையல் கோணிப் போகும். இடப்பக்கம் ஒரு பிடி, வலப்பக்கம் ஒரு பிடி; நடுவிலிருந்து ஓரத்துக்கு. எல்லாக் கிளிப்புகளும் மாட்டி, துணி மிருதங்கத் தோல்போல் நின்ற பிறகே பசை டப்பாவைத் திறந்தார்கள். பசையைத் தகட்டிலும் துணியிலுமாக இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரையில் காயவிட்டு, அப்புறம் அழுத்துவது முறை. அவசரப்பட்டு ஈரமாய் ஒட்டினால் வழுக்கும். இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பற்றும். கதவுகளைத் திறந்து வைத்து, பீடி பிடிக்கிறவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பசை வருவதற்கு முந்திய காலத்தில் இந்த வேலை ஆணியால் நடந்தது. தையற்காரர் ஒரு பிடி சிற்றாணிகளை வாயில் போட்டுக்கொண்டு, காந்தம் ஏற்றிய சிறு சுத்தியை உதட்டருகே கொண்டுபோய், நாக்கால் ஒவ்வோர் ஆணியாய்த் தள்ளிக் கொடுப்பார். இரண்டு கையும் துணியைப் பிடிக்கவும் அடிக்கவும் வேண்டியிருந்ததால் வாயே ஆணிப் பெட்டியாயிற்று. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் வேலை நேரத்தில் வம்பு பேசியிருக்க முடியாது என்பது நிச்சயம். இந்த முறை நமது பத்திரிகைக் காரியாலயத்துக்கும் நல்லது என்று தோன்றுகிறது.

கண்ணாடிகளைத் திருப்பி மாட்டும் வித்தையை மட்டும் சொல்லிவிடுகிறோம். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, ரப்பரின் உள் பள்ளத்தில் கெட்டியான கயிறு ஒன்றைச் சுற்றிப் பதிக்கிறார்கள். சோப்பு நீர் தடவிக் கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் முனையை மெல்ல இழுக்கிறார். கயிறு வெளியே வரவர, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து, துணியின் ஓரத்தையும் கவ்விக்கொள்கிறது. கடைசியாகத்தான் விளக்குக்குத் துவாரம். விரலால் தடவிக் கம்பி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பிளேடால் சிறு கூட்டல் குறி போட்டார் மேஸ்திரி. ஓரிரண்டு சில்லறைச் சுருக்கங்கள் பாக்கி இருந்தன. "இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள், அதுவே போய்விடும்" என்றார். அப்படியே போய்விட்டன.

வண்டி வீடு வந்ததும் நண்பரின் தாயாரை அதில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனோம். அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். நண்பர் தயங்கித் தயங்கி, "அப்பாவின் சுருட்டு அடையாளம் போய்விட்டதம்மா" என்றார்.

"போகட்டுமடா! அந்தச் சுருட்டை விடும்படி முப்பது வருஷம் நான் சொல்லியும் கேட்காத மனுஷர்" என்றார் தாயார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் துணியை என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

பழைய துண்டுகள் அனைத்தும், மேஸ்திரி இட்ட எண்களோடும், புது ரெக்ஸினில் மிஞ்சிய ஒரு கஜத்தோடும் சுருட்டிக் கட்டப்பட்டு, வண்டியின் சாமான் பெட்டியில் இருந்தன. வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அம்மாள் கட்டை அவிழ்க்கச் சொல்லி, ஓட்டுகிறவர் தலைக்கு மேலிருந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வார்ப்பு ஒன்று குறைகிறதே என்று நண்பர் பழைய காகிதத்தில் அந்தத் துண்டின் அளவை வரைந்து, மூன்றாம் எண் என்று எழுதி, கட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்.